அணுவுக்கு எத்தனை படம்?

போன இதழில் எக்ஸ் கதிர் பற்றி இரண்டு பத்தி எழுதினோம். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் முக்கால்வாசி, அணுவுக்குள் என்ன இருக்கிறது, அதை யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றே கேட்கின்றன. சரி, இந்த இதழ் முழுவதும் அணுதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் எழுதியிருந்ததால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறது.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். டால்டன் சொன்னது தவறு என்று தாம்சன், தாம்சன் சொன்னது தவறு என்று ரூதர்ஃபோர்டு, அவர் சொன்னதில் குறை என்று நீல்ஸ் போர், கடைசியில் போர் சொன்னதும் சரியில்லை என்று பாடம் முடிகிறது. தப்பு என்று தெரிந்த நாலு பேர் கதையை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்? சரியானதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாதா? (தேனியிலிருந்து ஒரு தாய்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அது பாடம் எழுதப்பட்ட விதத்தின் மேல் வர வேண்டிய கோபம். ஒவ்வொருவருக்கும் ஒரு படம், கீழே 'குறைபாடுகள்' என்று மூன்று வரி, அடுத்த பக்கத்தில் அடுத்த ஆள் என்று போட்டால், ஒருவர் மாற்றி ஒருவர் முட்டாளாகத்தான் தெரிவார்கள். இவர்களில் யாரும் சும்மா உட்கார்ந்து படம் வரையவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு எண் இருந்தது, சோதனையில் அளந்த எண், பழைய கருத்தை வைத்துக்கொண்டு எப்படிப் போட்டாலும் கணக்கில் ஒட்டாத எண். அந்த எண் ஒட்டும்படி அணுவை மாற்றி அமைத்துப் பார்த்தார்கள். மாதிரி என்பது அந்தக் கணக்குதான், படம் அதற்கு ஒரு துணை. அந்தக் கணக்கு எதுவரை சரியாக வந்ததோ அதுவரை அந்த மாதிரி இன்றைக்கும் வேலை செய்கிறது. வேதியியலில் இத்தனை கிராம் போட்டால் இத்தனை கிராம் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறோமே, அதில் இருப்பது டால்டனின் அணுதான், அதற்கு எலக்ட்ரான் கூடத் தேவையில்லை.

'சரியானதை மட்டும்' என்றால், எலக்ட்ரானை அலையாக வைத்துக் கணக்குப் போடும் ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டை நேராக எழுத வேண்டும். ஒரே ஒரு எலக்ட்ரான் உள்ள ஹைட்ரஜனுக்குத்தான் அதைத் தாளில் துல்லியமாகத் தீர்க்க முடியும். ஹீலியத்துக்கே தோராயத்தில் இறங்கியாக வேண்டும், கார்பனுக்குக் கணினி வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் அதைக் கொண்டுபோய் வைத்தால் உங்கள் அடுத்த கடிதம் இதைவிடச் சூடாக இருக்கும்.

கேள்வி: 'அணுவைத் துளைத்து ஏழ்கடலைப் புகட்டி' என்று ஔவையார் பாடிவிட்டார். கணாதர் அதற்கும் முன்னால் சொல்லிவிட்டார். பிறகு ஏன் வெள்ளைக்காரர் பெயரையே படிக்கிறோம்? (ஆரணி வாசகர்)

பதில்: அந்த வரி குறளைப் புகழ்வதற்காகச் சொன்னது. இத்தனை சின்ன வெண்பாவுக்குள் இத்தனை பெரிய பொருளா என்ற வியப்பு. அதை அணுப்பிளவு ஆராய்ச்சியாக வாசிப்பது பாட்டுக்கும் நல்லதில்லை, அறிவியலுக்கும் நல்லதில்லை.

அணு என்ற சிந்தனை நம்மிடம் இருந்தது உண்மை. கணாதரின் வைசேஷிக மரபில் இரண்டு அணு சேர்ந்து ஓர் இணை, அப்படி மூன்று இணை சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய பொருள், ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசி அளவு, என்று வரிசையாக யோசித்திருக்கிறார்கள். மணிமேகலையில் ஆசீவகர் தம் கொள்கையைச் சொல்லும் இடத்தில் நிலம், நீர், தீ, காற்று அணுக்களும் உயிரும் வருகின்றன. கிரேக்கத்தில் டெமாக்ரிட்டஸ் கிட்டத்தட்ட இதே கேள்வியோடு இதே போன்ற பதிலுக்கு வந்தார். எல்லாமே கூர்மையான தத்துவம். ஆனால் இவற்றில் எதிலும் ஓர் அணுவின் எடை என்று ஓர் எண் கிடையாது. எண் இருந்தால்தான் இன்னொருவர் அளந்து பார்த்து 'ஐயா, இது தப்பு' என்று சொல்ல முடியும். டால்டனிடம் அந்த எண் இருந்தது, அதில் பாதி தப்பாகவும் இருந்தது. அங்கேதான் கதை வேறு பாதையில் திரும்புகிறது.

கேள்வி: டால்டன் அணுவைப் பார்த்ததே இல்லை. பிறகு எந்தத் தைரியத்தில் சொன்னார்? அவர் சொன்னதும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? (சிவகாசி வாசகர்)

பதில்: தராசுதான் தைரியம். மான்செஸ்டரில் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர் டால்டன், தினமும் மழையையும் காற்றழுத்தத்தையும் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர். கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு வாயு உண்டாகின்றன. இன்றைய எண்களில் சொன்னால், 3 கிராம் கார்பனுக்கு ஒன்றில் 4 கிராம் ஆக்சிஜன், இன்னொன்றில் 8 கிராம். நாலு, எட்டு, அவ்வளவுதான். இடையில் ஐந்தோ ஆறரையோ வருவதே இல்லை. பொருள் என்பது தொடர்ச்சியான மாவு போன்றதாக இருந்தால் எந்த விகிதத்திலும் கலக்கலாமே, ஏன் சரியாக இரண்டு மடங்கு? துண்டு துண்டாக இருந்து, ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்று சேர்ந்தால்தான் இது நடக்கும். 1803-இல் அவர் குறிப்பேட்டில் அணு எடைகளின் முதல் பட்டியல் இருக்கிறது, 1808-இல் புத்தகமாக வந்தது.

எங்கே சறுக்கினார் என்றால், தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன் என்று வைத்துக்கொண்டார். வேறு தகவல் இல்லாதபோது எளிமையானதை எடுத்துக்கொள்வோம் என்பது அவர் விதி. அதனால் ஆக்சிஜனின் எடை அவர் பட்டியலில் 7. அளவைகள் சீரானபோது அது 8 ஆனது, தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு என்று தெளிவானபோது 16 ஆனது. அந்தக் குழப்பம் தீர அரை நூற்றாண்டு பிடித்தது.

ஒப்புக்கொண்டார்களா என்று கேட்டீர்கள். வேதியியலார் கணக்குக்கு வைத்துக்கொண்டார்கள், ஆனால் அணு நிஜமாகவே இருக்கிறதா என்பதில் 1900-க்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. ஆஸ்திரியாவில் மாக், ஜெர்மனியில் ஆஸ்ட்வால்ட், இருவரும் பெரிய ஆட்கள், அணு ஒரு வசதியான கற்பனை என்ற பக்கம் நின்றார்கள். 1905-இல் ஐன்ஸ்டைன், தண்ணீரில் மிதக்கும் நுண்துகள் ஏன் ஓயாமல் நடுங்குகிறது என்பதற்குக் கணக்குப் போட்டார்: கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிக்கின்றன, இத்தனை நேரத்தில் இத்தனை தூரம் நகரும் என்று. பாரிசில் பெரான் ஒரு மரப்பிசினைக் கரைத்து, நுண்ணோக்கியில் கண் வைத்து, துகள்களை ஒவ்வொரு உயரத்திலும் எண்ணி, அந்தக் கணக்கு சரியென்று காட்டினார். அதன் பிறகு ஆஸ்ட்வால்ட் மனம் மாறினார். மாக் மாறியதாகத் தெரியவில்லை.

கேள்வி: தாம்சன் அணுவைத் தர்பூசணி என்று எங்கள் சார் சொன்னார். சிவப்புச் சதை நேர்மின்சுமை, விதை எலக்ட்ரானாம். நோபல் பரிசு வாங்கியவர் இப்படியா யோசிப்பார்? (விருத்தாசலம் மாணவர்)

பதில்: தம்பி, அவர் அப்படி யோசிக்கவில்லை. தர்பூசணி நம் பாடப்புத்தகம் சொல்லும் உவமை. இங்கிலாந்தில் அதையே உலர்பழம் போட்ட புட்டிங் என்பார்கள், அதுவும் தாம்சன் வைத்த பெயர் இல்லை. விதை அசையாமல் கிடக்கும், தாம்சனின் எலக்ட்ரான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அதுதான் பெரிய வித்தியாசம்.

1897-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் கேத்தோடு கதிரை (காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குழாயில் எதிர்மின் தகட்டிலிருந்து கிளம்பும் கதிர்) மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் வளைத்து, அந்தத் துகளின் மின்சுமைக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அவர் கண்டுபிடித்தார். (கண்டுபிடித்தார் என்று சொன்னாலும் கண்ணாடிக் குழாயைத் தொட்டு வேலை பார்த்தது உதவியாளர்தான். தாம்சன் கை வைத்தால் பொருள் உடையும் என்பது ஆய்வகத்தில் பிரசித்தம்.) குழாயில் வாயுவை மாற்றினாலும், தகட்டின் உலோகத்தை மாற்றினாலும் விகிதம் மாறவில்லை. அப்படியானால் எல்லாப் பொருளிலும் பொதுவாக இருக்கும் ஒரு துகள், ஹைட்ரஜன் அணுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இலேசானது. இன்றைய கணக்கு 1837 மடங்கு.

இனி அவருக்கு ஒரு சிக்கல். எலக்ட்ரான்கள் எல்லாம் எதிர்மின்சுமை, ஒன்றை ஒன்று தள்ளும். அணு சிதறாமல் நிற்க நேர்மின்சுமை எங்கேயோ இருக்க வேண்டும், அது எந்த வடிவத்தில் என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை. கணக்குப் போட எளிதாக அதை ஒரு கோளம் முழுக்கச் சீராகப் பரப்பிவிட்டார். உள்ளே எலக்ட்ரான்களை வளையம் வளையமாகச் சுற்றவிட்டு, எத்தனை இருந்தால் வளையம் நிலையாக நிற்கும், எப்போது உள்ளே இன்னொரு வளையம் தேவைப்படும் என்று 1904-இல் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டார்.

இதை நீ வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மேயர் என்ற அமெரிக்கர் 1878-இல் செய்த சோதனை இது, தாம்சனுக்கு மிகவும் பிடித்தது. பத்துப் பன்னிரண்டு தையல் ஊசிகளைக் காந்தத்தில் ஒரே பக்கமாகத் தேய்த்துக் காந்தமாக்கு. ஒவ்வொன்றையும் சின்னத் தக்கைத் துண்டில் செங்குத்தாகக் குத்து, எல்லாவற்றிலும் ஒரே முனை மேலே இருக்க வேண்டும். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டு மிதக்கவிடு (எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம், சிலவற்றில் காந்தம் ஒட்டும்). ஊசிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு ஓடும். இப்போது பெரிய காந்தம் ஒன்றை மேலே பிடி, ஊசிகளை நடுவே இழுக்கும் முனை கீழே பார்த்தபடி. மூன்று ஊசி என்றால் முக்கோணம், நாலு என்றால் சதுரம், ஐந்து என்றால் ஐங்கோணம். ஆறாவதைப் போட்டால் அறுகோணம் வரும் என்று நினைப்பாய், வராது. ஒன்று நடுவுக்குப் போய்விடும், ஐந்து அதைச் சுற்றி நிற்கும். மேலும் போடப் போட வளையத்துக்குள் வளையம் உண்டாகும், பழைய அமைப்புகள் உள்ளே திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

தாம்சன் இதில் பார்த்தது தனிம வரிசை அட்டவணையை! சோடியமும் பொட்டாசியமும் ஏன் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்பதற்கு, எலக்ட்ரான் அடுக்குகளின் அமைப்பு திரும்ப வருவதுதான் காரணம் என்ற யோசனை அவருடையது. விவரம் தவறு, யோசனை இன்றும் நிற்கிறது. எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லாமல் தர்பூசணியோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: தங்கத் தகடு சோதனையில் ஆல்ஃபா துகள் திரும்பி வந்தது என்கிறார்கள். அதை யார் எப்படிப் பார்த்தார்கள்? தங்கம்தான் வேண்டுமா? (கும்பகோணம் நகைக்கடை ஊழியர் ஒருவரும், வேறு பலரும்)

பதில்: உங்கள் தொழிலுக்கு ஏற்ற கேள்வி. தங்கத்தை எடுத்ததற்கு முதல் காரணம் உங்களுக்கே தெரியும், அதைப்போல மெல்லியதாக அடிக்க வேறு உலோகம் இல்லை. இரண்டாவது, தங்கத்தின் அணு கனமானது. ஆனால் தங்கம் மட்டும் இல்லை. ஈயம், பிளாட்டினம், வெள்ளி, தாமிரம், இரும்பு, அலுமினியம் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். அணு எடை கூடக் கூடத் திரும்பி வரும் துகளும் கூடியது.

பார்த்தவர்கள் கைகர் என்ற ஜெர்மானியரும் மார்ஸ்டன் என்ற இருபது வயது மாணவரும், மான்செஸ்டரில், 1909-இல். ரேடியத்தின் வழியில் உண்டாகும் கதிரியக்கப் பொருளிலிருந்து நேர்மின்சுமை உள்ள ஆல்ஃபா துகள் வரும், நொடிக்கு ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் வேகம். துத்தநாக சல்பைடு பூசிய திரையில் ஒரு துகள் பட்டால் ஒரு மினுக்கு. அந்த மினுக்கை நுண்ணோக்கி வழியே மனிதக் கண் எண்ண வேண்டும், கருவி கிடையாது. முதலில் இருட்டறையில் அரைமணி போல உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும், அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். கைகர் இதில் பேய், இரவு முழுக்க அலுக்காமல் எண்ணுவார். இவர்களுடைய பேராசிரியர் ரூதர்ஃபோர்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு இரண்டே நிமிஷத்தில் திட்டிக்கொண்டே எழுந்துபோனதை அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

பெரிய கோணத்தில் ஏதாவது திரும்புகிறதா பார் என்று மார்ஸ்டனுக்கு ரூதர்ஃபோர்டு கொடுத்த வேலை, பையனுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று கொடுத்ததுதான், எதுவும் வராது என்றே நினைத்தார். வந்தது. பிளாட்டினத்தில் ஏறக்குறைய 8,000-க்கு ஒன்று. டிஷ்யூ தாளின் மேல் 15 அங்குலப் பீரங்கிக் குண்டைச் சுட்டு, அது திரும்பி வந்து உங்களையே தாக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது என்று பிற்காலத்தில் சொன்னார்.

பலர் நினைப்பது போல அன்றைக்கே அணுக்கரு பிறந்துவிடவில்லை. ஏறத்தாழ இரண்டு வருஷம் ஆயிற்று. தாம்சனின் அணுவில் மின்சுமை பரந்து கிடப்பதால் ஒரு மோதலில் துகள் மிகக் கொஞ்சமே திரும்பும். பல மோதல்கள் சேர்ந்து பெரிய திருப்பமாகுமா என்றால், அதற்கான வாய்ப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம், 8,000-க்கு ஒன்று வரவே வராது. ஆகவே ஒரே மோதலில் திரும்பியிருக்க வேண்டும். அந்த வேகத்தில் வரும் துகளை ஒரே மோதலில் திருப்ப, அணுவின் மின்சுமை முழுவதும் 0.00000000000003 மீட்டர் போன்ற ஒரு சிறு இடத்துக்குள் குவிந்திருக்க வேண்டும். தங்க அணுவின் கருவை ஒரு மிளகு என்று வைத்தால் அணுவின் குறுக்களவு ஏறக்குறைய நூறு மீட்டர் வரும்.

1911 மார்ச் 7 அன்று மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தில் ரூதர்ஃபோர்டு இதை முதலில் அறிவித்தார். நூறு வருஷத்துக்கு முன் டால்டன் கட்டுரை படித்த அதே கழகம். மே மாதம் முழுக் கட்டுரை வந்தது. அதில் நடுவில் இருக்கும் மின்சுமை நேரா எதிரா என்றுகூட அவர் முடிவாகச் சொல்லவில்லை, இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். எலக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன, அணு எப்படி நிலைத்து நிற்கிறது என்பதை இப்போதைக்குப் பேச வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். 'கோள்கள் சூரியனைச் சுற்றுவது போல' என்ற படத்தை அவர் பெயரில் ஒட்டியது பின்னால் வந்தவர்கள். சனிக்கோளின் வளையம் போல ஒரு மாதிரியை ஜப்பானில் நாகவோகா 1904-லேயே போட்டிருந்தார், ரூதர்ஃபோர்டு அதைத் தம் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த வருஷக் கடைசியில் பிரஸ்ஸல்ஸில் உலகத்தின் பெரிய இயற்பியலாளர்கள் எல்லாம் கூடிய சால்வே மாநாட்டில் ரூதர்ஃபோர்டும் இருந்தார். அணுக்கரு பற்றி அங்கே விவாதமே நடக்கவில்லை.

கேள்வி: சுற்றும் எலக்ட்ரான் ஏன் கருவில் விழவில்லை? போர் 'குறிப்பிட்ட பாதையில் விழாது' என்று சொன்னால் போதுமா, காரணம் வேண்டாமா? (நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: டீச்சர், இதையேதான் அன்றைக்கும் கேட்டார்கள். சுற்றும் மின்சுமை ஒளியாக ஆற்றலை இழந்தாக வேண்டும் என்பது மாக்ஸ்வெல் காலத்துப் பாடம். கணக்குப் போட்டால் ஹைட்ரஜன் எலக்ட்ரான் ஒரு நொடியின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு போன்ற நேரத்தில் கருவில் விழுந்துவிட வேண்டும். விழவில்லை என்பதற்கு நாம் எல்லோரும் சாட்சி.

போர் காரணம் சொல்லவில்லை, நிபந்தனை போட்டார். கோண உந்தம் (நிறை, வேகம், ஆரம் மூன்றின் பெருக்கல்) பிளாங்க் மாறிலி என்ற நிலையான எண்ணை 2π-ஆல் வகுத்து வரும் எண்ணின் முழு மடங்காக இருக்கும் பாதைகள் மட்டும் உண்டு, அங்கே இருக்கும்வரை ஒளி வெளிவராது, ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஆற்றல் வித்தியாசம் ஒளியாக வரும், அவ்வளவுதான். இதைக் கேட்டு ஒருவர் 'காரணம்?' என்றால் போரிடம் பதில் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு விடை, அது எப்பேர்ப்பட்ட விடை என்று பாருங்கள்.

ஸ்விட்சர்லாந்தின் பாஸெல் நகரில் பால்மர் என்று ஒரு பெண்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார். அறுபது வயதை நெருங்கும்போது, 1885-இல், ஹைட்ரஜன் வெளியிடும் நாலு நிறக் கோடுகளின் அலைநீளத்தை வைத்துக்கொண்டு எண் விளையாட்டு விளையாடினார். 364.56 நானோமீட்டரை 9/5 ஆல் பெருக்குங்கள், 656.2, அது சிவப்புக் கோடு. 16/12 ஆல் பெருக்குங்கள், 486.1, நீலப்பச்சை. 25/21 என்றால் 434.0, 36/32 என்றால் 410.1. அளந்த எண்களோடு அப்படியே பொருந்துகிறது. மேலே 3, 4, 5, 6 இவற்றின் வர்க்கம், கீழே அதிலிருந்து 4 குறைவு. ஏன் என்று இருபத்தெட்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

1913 தொடக்கத்தில் கோபன்ஹேகனில் ஹான்சன் என்ற நண்பர், உன் அணு நிறமாலைக் கோடுகளைப் பற்றி என்ன சொல்கிறது என்று போரைக் கேட்டார். அதுவரை அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. பால்மரின் சூத்திரத்தைப் பார்த்த உடனே எல்லாம் விளங்கிவிட்டது என்று பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். கீழே கழிக்கும் அந்த 4 என்பது இரண்டின் வர்க்கம், இரண்டாம் பாதை! மூன்றிலிருந்து இரண்டுக்கு விழுந்தால் சிவப்பு, நாலிலிருந்து விழுந்தால் நீலப்பச்சை. பால்மர் சூத்திரத்தின் முன்னால் நிற்கும் மாறிலியையும் எலக்ட்ரானின் நிறை, மின்சுமை, பிளாங்க் மாறிலி இவற்றை வைத்தே போர் வருவித்தார்.

கட்டுரையைப் பார்த்த ரூதர்ஃபோர்டு ஒரு சந்தேகம் எழுதினார்: மேலிருந்து புறப்படும் எலக்ட்ரானுக்கு எந்தப் பாதையில் போய் நிற்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே சரியான நிறத்தில் ஒளிவிட முடியும்? மிகச் சரியான சந்தேகம். கூடவே கட்டுரை நீளம், வெட்டு என்றார். போர் கப்பலேறி மான்செஸ்டர் போய் உட்கார்ந்து ஒரு வரியும் வெட்டவிடாமல் வாதாடினார்.

சந்தேகப்பட்டவர்களைப் பலமாக அசைத்தது ஹீலியம். ஒரு நட்சத்திர ஒளியில் தெரிந்த சில கோடுகளை ஹைட்ரஜனுடையது என்று எல்லோரும் வைத்திருந்தார்கள். இல்லை, அது ஒரு எலக்ட்ரானை இழந்த ஹீலியம் என்றார் போர். ஹைட்ரஜனுக்கும் இதற்கும் ஆற்றல் விகிதம் உங்கள் கணக்கில் சரியாக 4, அளந்தால் 4.0016 வருகிறதே, ஒட்டவில்லையே என்று லண்டனில் ஃபௌலர் மடக்கினார். கரு அசையாமல் நிற்கிறது என்று எளிமைக்காக வைத்திருந்தேன், அதுவும் கொஞ்சம் ஆடும் என்று கணக்கைத் திருத்தினார் போர். வந்த விடை 4.00163.

இவ்வளவு துல்லியமும் ஒரு எலக்ட்ரான் உள்ள அணுவுக்குத்தான். இரண்டு எலக்ட்ரான் உள்ள சாதாரண ஹீலியத்தில் போர் மாதிரி படுத்துவிட்டது. சோமர்ஃபெல்டு 1916-இல் வட்டத்தை நீள்வட்டமாக்கிப் பார்த்தார், சில நுண்கோடுகள் விளங்கின, ஹீலியம் விளங்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஹைட்ரஜனின் அடிநிலையில் சுற்றுவதால் வரும் கோண உந்தம் ஒரு மடங்கு என்றார் போர், இன்றைய கணக்கில் அது பூஜ்யம். அதாவது எலக்ட்ரான் அங்கே சுற்றவே இல்லை. ஆற்றல் மட்டும் போர் சொன்ன அதே 13.6 எலக்ட்ரான் வோல்ட்.

ஆக உங்கள் கேள்விக்குப் பதில், போதாது என்பதே. விழாததன் காரணம் 1925, 26-இல் வந்தது. எலக்ட்ரானுக்கு அலைத்தன்மை உண்டு, அதைச் சின்ன இடத்தில் அடைக்க அடைக்க அதன் இயக்க ஆற்றல் ஏறும். கரு இழுக்கும் இழுப்பும் இந்த ஏற்றமும் சமன்படும் இடத்தில் நிற்கிறது, அதற்குக் கீழே இறங்க ஆற்றல் நிலை இல்லை.

கேள்வி: எலக்ட்ரான் துகளா அலையா? ஒரு வரியில். (ஈரோடு)

பதில்: ஒரு வரி போதாது, ஒரு குடும்பம் உண்டு. துகள் என்று காட்டிய தாம்சனுக்கு 1906-இல் நோபல். படிகத்தில் பட்டு அலை போலச் சிதறுகிறது என்று காட்டியவர்களில் ஒருவருக்கு 1937-இல் நோபல், அவர் ஜி.பி. தாம்சன், இவருடைய மகன். இரண்டு பரிசையும் யாரும் திரும்பக் கேட்கவில்லை.

கேள்வி: அணுக்கருவுக்குள்ளும் எலக்ட்ரான் இருப்பதாக ஒருகாலத்தில் நம்பினார்களாமே, உண்மையா? (திருச்சி, கல்லூரி மாணவி)

பதில்: உண்மை, அதுவும் சின்ன ஆட்கள் இல்லை, எல்லோரும் நம்பினார்கள். நைட்ரஜனின் நிறை 14, மின்சுமை 7. புரோட்டான் (நிறை 1, நேர்மின்சுமை 1) மட்டும் தெரிந்த காலத்தில் இதற்கு ஒரே வழி: கருவில் 14 புரோட்டான், அதில் ஏழின் மின்சுமையை ஈடுகட்ட உள்ளேயே 7 எலக்ட்ரான், ஆக 21 துகள்.

இதை உடைத்ததில் உங்கள் ஊருக்குப் பங்கு உண்டு. திருவானைக்காவில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கொல்கத்தாவில் ராமன் விளைவைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே இத்தாலியரான ரசெட்டி அந்த முறையால் நைட்ரஜன் வாயுவின் நிறமாலையை எடுத்தார். அதில் கோடுகள் ஒன்று பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் மாறி மாறி வரும். எந்த வரிசை பளிச்சென்று இருக்கிறது என்பதை வைத்துக் கருவுக்குள் மொத்தத் துகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்லிவிடலாம். ஹைட்லரும் ஹெர்ஸ்பெர்கும் பார்த்துச் சொன்னார்கள்: இரட்டைப்படை (ஹைட்லர் என்பது வால்டர் ஹைட்லர், இயற்பியலாளர், பயப்பட வேண்டாம்). 21 எப்படி இரட்டைப்படை? கணக்கு இடித்தது, அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

1932-இல் சாட்விக், பெரிலியத்திலிருந்து வரும் மின்சுமை இல்லாத கதிர் மெழுகில் பட்டுப் புரோட்டான்களைத் தள்ளுவதை அளந்து, அது புரோட்டான் நிறையே உள்ள நடுநிலைத் துகள் என்று காட்டினார். பாரிசில் ஜோலியோ-கியூரி தம்பதி அதே விளைவைச் சில வாரம் முன்னதாகவே பார்த்து, காமா கதிர் என்று நினைத்துக் கோட்டை விட்டிருந்தார்கள். 7 புரோட்டான், 7 நியூட்ரான், மொத்தம் 14. இரட்டைப்படை.

கேள்வி: புரோட்டானுக்கு உள்ளே? (ஒசூர்)

பதில்: குவார்க் என்னும் இன்னும் சிறிய துகள்கள். 1964-இல் கெல்-மானும் ஸ்வைக்கும் தாளில் சொன்னார்கள். 1960-களின் கடைசியில் கலிபோர்னியாவில் மூன்று கிலோமீட்டர் நீள முடுக்கியில் எலக்ட்ரானை ஓடவிட்டுப் புரோட்டானில் மோதியபோது, எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பெரிய கோணத்தில் சிதறின. மார்ஸ்டன் பார்த்ததும் இதே ரகம்தான், மினுக்கை எண்ண இந்த முறை மனிதக் கண் தேவைப்படவில்லை.

கேள்வி: யாராவது அணுவை நேரில் பார்த்தார்களா? (கோவில்பட்டி)

பதில்: கண்ணால் முடியாது, ஒளியின் அலைநீளம் அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. 1981-இல் ஜூரிக் அருகே பின்னிங்கும் ரோரரும் செய்த கருவி, ஊசி முனையை மேற்பரப்பின் மேல் தொடாமல் ஓட்டி, தாவி வரும் மின்னோட்டத்தை வைத்து மேடு பள்ளம் காட்டுகிறது. 1989-இல் அந்த வகைக் கருவியின் ஊசியாலேயே வேறு இருவர் 35 செனான் அணுக்களைத் தள்ளி, ஐபிஎம் என்று தங்கள் நிறுவனத்தின் பெயரை எழுதிக் காட்டினார்கள். விளம்பரம்தான், ஆனாலும் பார்க்க நன்றாகவே இருக்கும்.

கேள்வி: கடைசியில் பரீட்சையில் எந்தப் படம் போடுவது? வட்டமா, மேகமா? (தேனித் தாயின் கடிதத்தில் பின்குறிப்பாக மகள் எழுதியது)

பதில்: வட்டம் போடு, பாப்பா, 2, 8, 8 என்று எலக்ட்ரானை வை, மார்க் வரும். சோடியம் ஒரு எலக்ட்ரானை ஏன் எளிதில் கொடுக்கிறது என்று விளக்க அந்த வட்டம் போதும், பெரிய வேதியியலார்களும் அவசரத்துக்கு அதைத்தான் கிறுக்குவார்கள். மேகத்தை நீ மேல்வகுப்பில் போடுவாய். அப்போது ஒன்றைக் கவனி: ஹைட்ரஜன் மேகத்தில் எலக்ட்ரான் அதிகம் தென்படக்கூடிய தூரம் 0.053 நானோமீட்டர், போர் தம் முதல் வட்டத்துக்குச் சொன்ன அதே ஆரம்தான். 'படம் அளவுப்படி இல்லை' என்று கீழே சின்னதாக எழுதிவை. திருத்துபவர் மார்க் போடாவிட்டாலும் குறைக்க மாட்டார்.

ஐசோடோப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில்.